சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் உயில்: நாமினி முதல் காப்பாளர் வரை முழுமையான வழிகாட்டி

கணவருக்கு 36 வயது, மனைவிக்கு 32. மகளுக்கு 6, மகனுக்கு 2. கணவரின் அம்மாவும் கூடவே இருக்கிறார். கோவை சரவணம்பட்டியில் கணவர் பெயரில் 60 லட்சம் பெறுமான ஒரு வீடு. அதன் மேல் 28 லட்சம் வங்கிக் கடன். கணவர் உயில் எழுதாமல் ஒரு விபத்தில் இறந்துவிடுகிறார். வீடு யாருக்கு?

"மனைவிக்குத்தான்" என்றுதான் பெரும்பாலோர் சொல்வார்கள். 1956-ம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்த ஆணின் முதல் வகுப்பு வாரிசுகள் மனைவி, மகன்கள், மகள்கள், தாய். எல்லோருக்கும் சம பங்கு. இந்த வீட்டில் மனைவிக்குக் கால் பங்கு, மாமியாருக்குக் கால் பங்கு, இரண்டு குழந்தைகளுக்கும் சேர்த்துப் பாதி.

மாதத் தவணை கட்ட வழியில்லாமல், வீட்டை விற்றுக் கடனை அடைத்துவிட்டுப் பொள்ளாச்சியில் தன் அப்பா வீட்டுப் பக்கம் போக அந்தப் பெண் நினைக்கிறார். மாமியாரின் கையெழுத்து வேண்டும். அது கிடைத்தாலும் குழந்தைகளின் பாதியை அவரால் விற்க முடியாது. இந்து சிறார் மற்றும் காப்பாளர் சட்டம் 8-வது பிரிவின்படி, மைனரின் அசையாச் சொத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ பெற்ற தாயாக இருந்தாலும் நீதிமன்ற அனுமதி பெற வேண்டும். மனு போட்டு உத்தரவு வாங்கப் பல மாதங்கள் ஆகும். வாங்க வருகிறவர் அதுவரை காத்திருக்க மாட்டார். அனுமதி இல்லாமல் விற்றால், குழந்தை 18 வயதை எட்டிய பின் மூன்றாண்டுகளுக்குள் அந்த விற்பனையை ரத்து செய்யக் கோரி வழக்குப் போடலாம். அதனால் வாங்குபவரின் வங்கி வக்கீலே பத்திரத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். அனுமதி கிடைத்து விற்றாலும், குழந்தைகளின் பங்குப் பணத்தை மேஜராகும் வரை வங்கி வைப்பில் போட்டுவைக்கும்படி நீதிமன்றம் உத்தரவிடுவதே வழக்கம். பள்ளிக் கட்டணத்துக்கு அதிலிருந்து எடுக்க மறுபடியும் ஒரு மனு.

இதற்கிடையில் மாமியாரும் காலமானால், அவருடைய கால் பங்கு அவருடைய மற்றப் பிள்ளைகளுக்கும், இறந்த மகனின் குழந்தைகளுக்கும் போகும். கொழுந்தனாரும் நாத்தனாரும் இந்த வீட்டுக்குப் பங்காளிகள் ஆவார்கள். யாரும் யாருக்கும் துரோகம் செய்யவில்லை. சட்டம் தன் கணக்கைப் போட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

வளர்ந்த பிள்ளைகள் உள்ள குடும்பத்தில் யாருக்கு எவ்வளவு என்பது பெரிய கேள்வி. சின்னப் பிள்ளைகள் உள்ள குடும்பத்தில் அதைவிடப் பெரிய கேள்வி வேறு: வளர்க்கப் போகிறவர் கையில், வளர்க்க வேண்டிய காலத்தில், பணம் தடையின்றி இருக்குமா? கீழே சொல்லும் ஒவ்வொரு படியும் இந்தக் கேள்விக்கான பதில்தான்.

முதல் படி: ஒரே இடத்தில் பட்டியல்

ஒரு நோட்டுப் புத்தகம் போதும். ஒரு பக்கம் இருப்பவை, மறுபக்கம் கடன்கள்.

வீடு, மனை, நிலம் என்றால் கிரயப் பத்திர எண், பதிவு ஆண்டு, எந்தச் சார்பதிவாளர் அலுவலகம், சர்வே எண், பட்டா எண், மூலப்பத்திரம் யாரிடம் இருக்கிறது என்பது வரை எழுதுங்கள். கடன் இருந்தால் மூலப்பத்திரம் வங்கியில் இருக்கும். வங்கி கொடுத்த ஆவணப் பட்டியலின் நகலைச் சேர்த்து வையுங்கள். வங்கிக் கணக்குகள், வைப்புகள், தபால் நிலையச் சேமிப்பு, பிஎஃப் யுஏஎன் எண் (வேலை மாறினாலும் மாறாத பிஎஃப் அடையாள எண்), மியூச்சுவல் ஃபண்ட், டீமேட் (பங்குகளை மின்னணு முறையில் வைக்கும் கணக்கு), காப்பீட்டு பாலிசி எண்கள் ஆகியவை அடுத்து வரட்டும். அலுவலகம் கொடுக்கும் குழு ஆயுள் காப்பீட்டைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மனைவிக்கே தெரியாத பாலிசிதான் கேட்பாரற்றுக் கிடக்கும்.

நம் ஊரில் பட்டியலில் வராமலே போவது மூன்று: சீட்டு, நகை அடகு, கைமாற்று. கட்டிவரும் சீட்டின் பாஸ்புக், இன்னும் எத்தனை தவணை, எடுத்தாயிற்றா இல்லையா என்று எழுதுங்கள். அடகு வைத்த நகைக்கு ரசீது எண், கிளை, மீட்க வேண்டிய தேதி. தேதி தவறினால் நகை ஏலத்துக்குப் போகும். துக்க வீட்டில் யாரும் அந்தத் தேதியை நினைவில் வைத்திருக்க மாட்டார்கள். நண்பருக்குக் கொடுத்த கைமாற்றுக்குப் புரோநோட்டு இருந்தால் அதன் தேதி முக்கியம். அவர் இடையில் எதுவும் திருப்பித் தராமலும் எழுதித் தராமலும் இருந்தால், கேட்டவுடன் தருவதாக எழுதிய நோட்டுக்கு எழுதிய நாளிலிருந்து மூன்றாண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். அதே போல நீங்கள் யாருக்காவது ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள்.

இந்த இடத்தில் ஒரு வழக்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். மகள் பிறந்ததும் "அவள் பேரில் ஒரு மனை வாங்கிப் போடலாம்" என்று ஆசைப்படுகிறோம். அன்பு நியாயமானது, வழி சரியில்லை. மைனர் பெயரில் வாங்கிய மனையை அவள் 18 வயது ஆகும் வரை நீதிமன்ற அனுமதி இல்லாமல் விற்கவோ அடமானம் வைக்கவோ முடியாது. நாளைக்கு அவளுடைய மருத்துவச் செலவுக்கே தேவைப்பட்டாலும் இதே கதைதான். உங்கள் பெயரிலோ மனைவி பெயரிலோ வாங்குங்கள். உயிலில் அவளுக்கு வழி செய்யுங்கள். பத்து வயதுக்குள் தொடங்கும் செல்வமகள் சேமிப்புக் கணக்கு போன்றவை குழந்தை பெயரில் இருப்பதில் தவறில்லை.

இரண்டாம் படி: நாமினிகளைச் சரி பார்த்தல்

நாமினி என்பவர் பணத்தைப் பெற்றுக்கொள்ளத் தகுதியுள்ளவர். பெரும்பாலான சொத்துகளில் அவர் உரிமையாளர் அல்ல. பெற்ற பணத்தை வாரிசுகளிடமோ உயிலில் சொன்னவரிடமோ சேர்க்க வேண்டிய பொறுப்பு அவருக்கு உண்டு. ஆயுள் காப்பீட்டில் 1983-லேயே உச்ச நீதிமன்றம் இப்படித் தீர்ப்பளித்தது. கம்பெனிப் பங்குகளிலும் நாமினி சொந்தக்காரர் ஆகிவிட மாட்டார் என்று 2023 டிசம்பரில் சொன்னது. காப்பீட்டில் மட்டும் 2015-ல் சட்டம் மாறியது: பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகளை நாமினியாகப் போட்டால் பணம் அவர்களுக்கே பயனுரிமையாகச் சேரும். ஆனாலும் மற்ற வாரிசுகள் வழக்குக்குப் போவது நிற்கவில்லை. ஆகவே நாமினி ஒருவர், உயிலில் வேறொருவர் என்று முரணாக வைக்காதீர்கள். இரண்டிலும் ஒரே பெயர் இருந்தால் பாதித் தகராறு பிறக்காது.

ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

பிஎஃப்-பில்தான் அதிகம் தவறு நடக்கிறது. கல்யாணத்துக்கு முன் வேலைக்குச் சேர்ந்தபோது அப்பாவையோ அம்மாவையோ போட்டிருப்பார்கள். திருமணம் ஆனதும் பழைய நியமனம் செல்லாது. புதிதாகச் செய்ய வேண்டும். யுஏஎன் இணையதளத்தில் உள்நுழைந்து, 'மேனேஜ்' பட்டியலில் 'இ-நாமினேஷன்' திறந்து, குடும்ப உறுப்பினர்களின் ஆதார் எண், பிறந்த தேதி, படம் சேர்த்து, ஒவ்வொருவருக்கும் சதவீதம் போட வேண்டும். வைப்பு நிதிக்கும் ஓய்வூதியத்துக்கும் தனித்தனியாக நிரப்ப வேண்டும். கடைசியில் ஆதார் ஓடிபி வழி மின்கையொப்பம் போட்டால்தான் முடியும். பலர் விவரத்தைச் சேமித்துவிட்டு, கையொப்பப் பக்கம் வரை போகாமல் மூடிவிடுகிறார்கள். அது நிலுவையிலேயே நிற்கும்; நியமனம் ஆகாது. சுயவிவரத்தில் உங்கள் படம் ஏற்றாவிட்டாலும் பாதியில் நின்றுவிடும். ஆதாரில் உள்ள பெயரும் பிஎஃப் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா என்பதையும் இப்போதே பார்த்துத் திருத்துங்கள். தலைப்பெழுத்தை விரித்து எழுதியதும் எழுதாததுமே நம்மூர்ப் பெயர்களில் வரும் பெரிய சிக்கல்.

பணியில் இருக்கும்போது இறந்தால் பிஎஃப் தொகையோடு இன்னும் இரண்டு கிடைக்கும். வைப்புடன் இணைந்த காப்பீடாக அதிகபட்சம் 7 லட்சம். ஓய்வூதியத் திட்டத்தில் மனைவிக்கு மாத ஓய்வூதியமும், ஒரே நேரத்தில் இரண்டு குழந்தைகளுக்கு 25 வயது வரை பிள்ளை ஓய்வூதியமும். பணிக்கொடை எனும் கிராஜுவிட்டிக்கு ஐந்தாண்டு சேவை வேண்டும் என்ற நிபந்தனை மரணத்தில் இல்லை. அதற்கான நியமனப் படிவம் அலுவலகத்தில் தனியாகக் கொடுக்க வேண்டும். இவற்றைக் கேட்டு வாங்க வேண்டும் என்பது வீட்டில் இருப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

வங்கியில் 2025 நவம்பர் 1 முதல் ஒரு வைப்புக் கணக்குக்கு நான்கு நாமினிகள் வரை போடலாம். ஒரே நேரத்தில் பங்கு பிரித்தோ, ஒருவருக்குப் பின் ஒருவராகவோ. லாக்கருக்கு ஒருவர் பின் ஒருவர் முறை மட்டும். சின்னப் பிள்ளைகள் உள்ளவர்கள் 'ஒருவர் பின் ஒருவர்' முறையில் முதலில் மனைவி, பின் தம்பி அல்லது மச்சான் என்று வைப்பதே நல்லது. மியூச்சுவல் ஃபண்டிலும் டீமேட்டிலும் பத்துப் பேர் வரை போடலாம்.

குழந்தையை நேரடி நாமினியாகப் போடுவதைத் தவிருங்கள். வேறு வழியில்லையென்றால், அவர் மைனராக இருக்கும்வரை பணத்தைப் பெறுபவர் யார் என்று குறிப்பிடும் கட்டத்தைக் காலியாக விடாதீர்கள். அந்தப் பெயர் கணவன், மனைவி இருவரையும் தவிர மூன்றாவது ஆளாகவும் இருக்கட்டும். இருவரும் சேர்ந்து பயணம் போகிற குடும்பங்கள்தான் நம்முடையவை.

நாமினியைச் சரிசெய்த கையோடு, மூன்று முதல் ஆறு மாத வீட்டுச் செலவை இருவர் பெயரிலும் உள்ள கணக்கில் வையுங்கள். 'இருவரில் ஒருவர் அல்லது உயிருடன் இருப்பவர்' என்ற முறையில் அந்தக் கணக்கு இருக்க வேண்டும். மற்ற எல்லாப் பணமும் வர வாரங்களோ மாதங்களோ ஆகும். இது மறுநாளே கிடைக்கும்.

வீட்டை இருவர் பெயரிலும் வாங்கியவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வங்கிக் கணக்கில் செல்லும் 'உயிருடன் இருப்பவருக்கு' என்ற விதி வீட்டுக்குப் பொருந்தாது. பத்திரத்தில் தனியாகச் சொல்லாவிட்டால் ஒருவரின் பாதி, அவர் இறந்ததும் அவருடைய வாரிசுகளுக்குப் பிரியும். இருவருக்கும் உயில் வேண்டும்.

மூன்றாம் படி: காப்பீடு எவ்வளவு

உயிலில் கொடுக்க ஏதாவது இருக்க வேண்டும். இளம் குடும்பங்களில் பெரும்பாலும் அது டெர்ம் காப்பீட்டுப் பணம்தான், அதாவது குறிப்பிட்ட காலத்துக்குள் இறந்தால் மட்டும் பணம் தரும் பாலிசியின் தொகை.

மேலே சொன்ன குடும்பத்தையே எடுத்துக்கொள்வோம். மாதச் செலவு, கடன் தவணை நீங்கலாக, 40,000 ரூபாய். ஆண்டுக்கு 4.8 லட்சம். இளைய குழந்தை சொந்தக் காலில் நிற்க 20 ஆண்டு: 96 லட்சம். வீட்டுக் கடன் 28 லட்சம். இரண்டு பிள்ளைகளின் மேல்படிப்புக்கு 20 லட்சம். கூட்டினால் 144 லட்சம். ஏற்கனவே உள்ள பிஎஃப், பழைய பாலிசி எல்லாம் சேர்த்து 14 லட்சம் கழித்தால் 130 லட்சம். வைப்பின் வட்டி விலைவாசி ஏற்றத்தை ஓரளவு ஈடுகட்டும் என்று வைத்துத்தான் இந்தக் கணக்கு. இதற்குக் கீழே போகாதீர்கள். அலுவலகக் குழுக் காப்பீட்டை இதில் கழிக்காதீர்கள்: வேலையை விட்ட நாளில் அதுவும் போய்விடும்.

சம்பளம் வாங்காத மனைவிக்கும் காப்பீடு தேவை. அவர் இல்லாமல் போனால் 2 வயதுக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வைக்கும் செலவை ஒரு நிமிடம் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

விண்ணப்பத்தில் புகை, மது, சர்க்கரை, ரத்த அழுத்தம், முன்பு செய்த அறுவை சிகிச்சை எதையும் மறைக்காதீர்கள். காப்பீட்டுச் சட்டம் 45-வது பிரிவின்படி மூன்றாண்டு கடந்த பாலிசியை நிறுவனம் கேள்வி கேட்க முடியாது. அதற்குள் மரணம் நேர்ந்தால் மறைத்த ஒரு வரியே பணத்தைத் தடுக்கும். பிரீமியம் சில நூறு ரூபாய் கூடுவது பெரிதல்ல.

தொழில் செய்பவர்களும் கடன் அதிகம் உள்ளவர்களும் 1874-ம் ஆண்டின் திருமணமான பெண்களின் சொத்துச் சட்டத்தின் கீழ் பாலிசி எடுக்கலாம். திருமணமான ஆண் தன் உயிர் மீது, மனைவி, பிள்ளைகளின் பெயருக்கு எடுக்கும் பாலிசி அது. அந்தப் பணம் அவர்களுக்கான டிரஸ்டாக, அதாவது அவர்கள் நலனுக்கென்றே ஒதுக்கி வைத்த சொத்தாக நிற்கும். கடன்காரர்கள் கைவைக்க முடியாது, மற்ற வாரிசுகளும் பங்கு கேட்க முடியாது. இதற்கான கூடுதல் படிவத்தை பாலிசி எடுக்கும்போதே கொடுக்க வேண்டும். பின்னால் சேர்க்க முடியாது, பயனாளியை மாற்றவும் முடியாது. யோசித்து எழுதுங்கள்.

நான்காம் படி: இருவரும் இல்லாவிட்டால் பிள்ளைகளை யார் வளர்ப்பது

இதுதான் கணவனும் மனைவியும் பேசவே தயங்கும் இடம். பேசித்தான் ஆக வேண்டும்.

இரண்டு வேலைகளைப் பிரியுங்கள். ஒன்று, குழந்தையைக் கூட வைத்து வளர்ப்பது; அதைச் செய்பவர் காப்பாளர். மற்றொன்று, குழந்தையின் பணத்தைப் பார்ப்பது; அதைச் செய்பவர் டிரஸ்டி. பாசம் நிறைந்த சித்திக்கு வட்டிக் கணக்கு வராமல் இருக்கலாம். கணக்கில் கெட்டியான தாய்மாமன் வெளிநாட்டில் இருக்கலாம். இரண்டு பேரை வைத்தால் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். கூடவே இரண்டுக்கும் மாற்று ஆள் ஒருவர். தாத்தா பாட்டியை முதல் ஆளாகப் போடுவது நம் மனசுக்கு நிம்மதி. ஆனால் குழந்தைக்கு 2 வயது, பாட்டிக்கு 66 என்றால், அவன் கல்லூரி முடிக்கும்போது அவருக்கு 86. அவர்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள், பாரத்தை அவர்கள் தலையில் மட்டும் வைக்காதீர்கள்.

பெயரை எழுதும் முன் அவரிடமும் அவருடைய துணையிடமும் நேரில் கேளுங்கள். "அண்ணா, எங்களுக்கு ஏதாவது ஆயிட்டா புள்ளைங்கள நீங்களும் அண்ணியும் பாத்துக்குவீங்களா? பணத்துக்கு ஏற்பாடு பண்ணி வச்சிருக்கோம்" என்று கேட்பதில் சங்கடம் ஐந்து நிமிடம்தான். இரண்டாவது வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். அண்ணியின் முகத்தைப் பாருங்கள்; சரி என்று வாய் சொல்வதைவிட அது முக்கியம். பிள்ளைகள் இருவரையும் பிரிக்காமல் வைத்துக்கொள்ள முடியுமா, எந்த ஊரில் வளர்ப்பார்கள், எந்த மொழியில் படிப்பார்கள் என்பதையும் பேசிவிடுங்கள்.

சட்டம் இதில் ஒரு நுணுக்கம் வைத்திருக்கிறது. இந்துக்களில் தந்தை உயில் மூலம் காப்பாளரை நியமிக்கலாம். ஆனால் தாய் உயிருடன் இருந்தால் அந்த நியமனம் செயல்படாது, தாய்தான் காப்பாளர். தாயும் பிறகு, தன் உயிலில் யாரையும் நியமிக்காமல் இறந்தால், தந்தை செய்த நியமனம் மீண்டும் உயிர்பெறும். தாய் வேறொருவரை நியமித்திருந்தால் தாயின் நியமனமே நிற்கும். ஆகவே கணவன் உயிலிலும் மனைவி உயிலிலும் ஒரே காப்பாளர் பெயர் இருக்கட்டும். தகராறு நீதிமன்றத்துக்குப் போனால் குழந்தையின் நலனே எல்லாவற்றுக்கும் மேலாக வைத்துப் பார்க்கப்படும். ஏன் இவரைத் தேர்ந்தோம் என்று உயிலில் இரண்டு வரி எழுதி வைத்தால் அது அங்கே பேசும்.

ஐந்தாம் படி: உயிலை எழுதுதல்

முத்திரைத்தாள் தேவையில்லை. சாதாரண ஏ4 தாள் போதும். தமிழிலேயே எழுதலாம். 18 வயது நிரம்பிய, தெளிந்த மனமுள்ள எவரும் எழுதலாம். கணவனும் மனைவியும் ஒரே உயிலாக எழுதாமல் ஆளுக்கொன்று எழுதுங்கள். கூட்டு உயிலில் ஒருவர் இறந்த பின் மற்றவர் மாற்றலாமா என்ற கேள்வி நீதிமன்றம் வரை இழுக்கும்.

தொடக்கம் இப்படி இருக்கலாம்: "நான் நல்ல மனநிலையில், எவருடைய தூண்டுதலும் வற்புறுத்தலும் இன்றி எழுதி வைக்கும் கடைசி உயில் சாசனம் இது. இதற்கு முன் நான் எழுதிய உயில் எதுவும் இருந்தால் அதை இதன் மூலம் ரத்து செய்கிறேன்." முழுப் பெயர், தகப்பனார் பெயர், வயது, முகவரி, தேதி. குடும்பத்தினர் பெயர்களும் பிறந்த தேதிகளும். பிறகு நிறைவேற்றுநர், அதாவது உயிலை நடைமுறைப்படுத்தும் எக்ஸிகியூட்டர். மனைவியையே போடலாம், மாற்றாக இன்னொருவர்.

அடுத்தது முதன்மை வரி: "என் அசையும், அசையாச் சொத்துகள் அனைத்தும், இதில் விவரம் சொல்லாதவையும் இனி நான் சம்பாதிப்பவையும் உட்பட, என் காலத்துக்குப் பின் என் மனைவிக்கே சர்வ சுதந்திர பாத்தியமாய்ச் சேர வேண்டியது." அந்த 'இனி நான் சம்பாதிப்பவையும் உட்பட' என்ற நான்கு சொற்களை விட்டால், உயிலுக்குப் பின் வாங்கிய மனை யாருக்கு என்ற தகராறு கிளம்பலாம்.

நம் ஊர்ப் பத்திர எழுத்தர்கள் வழக்கமாகச் சேர்க்கும் ஒரு வரியை இளம் குடும்பத்தில் சேர்க்க விடாதீர்கள்: "மனைவி தன் ஆயுட்காலம் வரை அனுபவித்துக்கொண்டு, அவருக்குப் பின் பிள்ளைகள் அடைய வேண்டியது." கேட்க நியாயமாக இருக்கும். ஆனால் 32 வயதுப் பெண்ணின் கையை அது ஐம்பது ஆண்டுக்குக் கட்டிவிடும்: விற்க முடியாது, அடமானம் வைத்து மகளைப் படிக்க வைக்க முடியாது. மறுமணம் செய்தால் என்ன ஆகும் என்ற அச்சம்தான் இந்த வரியை எழுத வைக்கிறது. அந்த அச்சம் இருந்தால் காப்பீட்டில் ஒரு பகுதியைப் பிள்ளைகளுக்கான டிரஸ்டுக்கு ஒதுக்குங்கள். வீட்டைக் கட்டிப் போடாதீர்கள்.

அம்மாவை மறக்காதீர்கள். எல்லாம் மனைவிக்கு என்று எழுதினால் அம்மாவின் கால் பங்கு இல்லாமல் போகிறது. தனியாக ஒரு வைப்புத்தொகையோ, சிறிய பாலிசியோ, வீட்டில் கடைசிவரை வசிக்கும் உரிமையோ அவருக்கு எழுதுங்கள். மகனை நம்பியிருந்த தாய்க்கு, அவன் விட்டுச்சென்ற சொத்திலிருந்து ஜீவனாம்சம் கேட்கச் சட்டத்திலும் இடம் உண்டு.

பிறகு 'இருவரும் இல்லாவிட்டால்' பகுதி. "என் மனைவி எனக்கு முன்போ, என் மரணத்துக்குப் பின் 30 நாட்களுக்குள்ளோ காலமானால், என் சொத்துகள் அனைத்தையும் இதில் பெயர் குறித்த டிரஸ்டிகள் என் பிள்ளைகளின் நலனுக்காக டிரஸ்டாக வைத்து நிர்வகிக்க வேண்டியது" என்று எழுதி, கீழ்க்கண்டவற்றைச் சேர்க்க வேண்டும்: வீட்டை விற்க டிரஸ்டிக்கு அதிகாரம், படிப்பு, மருத்துவம், அன்றாடச் செலவுக்குக் காப்பாளரிடம் மாதாமாதம் பணம் தருவது, ஆண்டுக்கொரு முறை கணக்கு எழுதி மாற்று டிரஸ்டியிடம் காட்டுவது, இளைய பிள்ளைக்கு 25 வயது ஆனதும் மிச்சத்தைச் சமமாகப் பிரிப்பது. இந்தப் பகுதி இல்லையென்றால் முழுப் பணமும் 18 வயதில் பிள்ளைகள் கைக்கு வந்துவிடும். வீட்டை டிரஸ்டியே விற்கலாம் என்ற அதிகாரம் இருப்பதால், தொடக்கத்தில் சொன்ன நீதிமன்ற அனுமதிச் சிக்கலும் தவிர்க்கப்படும். இந்தப் பகுதியை மட்டுமாவது ஒரு வக்கீலிடம் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஒரு முறை கொடுக்கும் கட்டணம்.

பூர்வீகச் சொத்தில் உங்கள் பங்கை மட்டுமே எழுத முடியும். தமிழ்நாட்டில் 1989 திருத்தமும் நாடு முழுக்க 2005 திருத்தமும் மகள்களுக்கும் பங்குரிமை கொடுத்திருக்கின்றன. அக்கா தங்கை பங்கைச் சேர்த்து எழுதினால் உயில் முழுவதும் சந்தேகத்துக்கு உள்ளாகும்.

கிறிஸ்தவர்களுக்கு 1925-ம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம்: உயில் இல்லாவிட்டால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு. திருமணத்துக்கு முன் எழுதிய உயில் திருமணத்தோடு ரத்தாகிவிடும். முஸ்லிம்கள் கடன், அடக்கச் செலவு போக மீதியில் மூன்றில் ஒரு பங்கு வரைதான் உயில் எழுதலாம். வாரிசு ஒருவருக்கு எழுத மற்ற வாரிசுகளின் சம்மதம் வேண்டும்.

ஆறாம் படி: கையெழுத்து, சாட்சி, பதிவு

ஒவ்வொரு பக்கத்தின் கீழும், கடைசியிலும் கையெழுத்து. பக்க எண் போடுங்கள்: "பக்கம் 2, மொத்தம் 4" என்று. அடித்தல் திருத்தல் இருந்தால் அந்தப் பக்கத்தையே மறுபடி எழுதுங்கள்.

இரண்டு சாட்சிகள் கட்டாயம். நீங்கள் கையெழுத்திடுவதை அவர்கள் பார்க்க வேண்டும். அவர்களும் உங்கள் முன்னிலையில் கையெழுத்திட வேண்டும். உயிலில் என்ன இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. சொத்து பெறுகிறவரோ அவர் துணையோ சாட்சியாக வேண்டாம். கிறிஸ்தவர்களுக்கு அப்படிச் செய்தால் அவர்களுக்கு எழுதியதே செல்லாது. இந்துக்களுக்கும் அது வழக்கில் வீண் சந்தேகத்தைக் கிளப்பும். பெரியவர்களைச் சாட்சியாக்குவது மரியாதைதான், ஆனால் தகராறு வந்தால் சாட்சிகளில் ஒருவராவது நீதிமன்றத்தில் சொல்ல வேண்டியிருக்கும். உங்களைவிட இளையவராக, எளிதில் ஊர் மாறாதவராகப் பாருங்கள்.

பதிவு கட்டாயமில்லை, பதியாத உயிலும் செல்லும். ஆனால் எங்கள் பரிந்துரை, பதியுங்கள் என்பதே. சார்பதிவாளர் அலுவலகத்தில் இணையம் வழி டோக்கன் எடுத்து, அடையாள அட்டை, படம், இரண்டு சாட்சிகளோடு போனால் ஒரு நாளில் முடியும். உயிலுக்கு முத்திரைத் தீர்வை இல்லை. பதிவுக் கட்டணம் மட்டும். நீங்கள் உயிருடன் இருக்கும்வரை அதன் நகலை உங்களையும் உங்கள் முகவரையும் தவிர வேறு யாரும் வாங்க முடியாது. வில்லங்கச் சான்றிலும் அது வராது. ஆகவே ரகசியம் போய்விடும் என்று தயங்க வேண்டாம். மூலம் தொலைந்தாலும் சான்றிட்ட நகல் கிடைக்கும் என்பதே பெரிய ஆறுதல்.

மூல உயிலை உங்கள் பெயரில் மட்டும் உள்ள லாக்கரில் வைக்காதீர்கள். அதைத் திறப்பதற்கே ஆவணம் கேட்பார்கள். லேமினேட் செய்யாதீர்கள். வீட்டில் ஒரு கோப்பில் பட்டியலோடு சேர்த்து வைத்து, மனைவியிடமும் நிறைவேற்றுநரிடமும் இடத்தைச் சொல்லுங்கள். செல்போனைத் திறக்கும் எண்ணையும் மின்னஞ்சல் கடவுச்சொல்லையும் தனி உறையில் ஒட்டி வையுங்கள்.

அடுத்த குழந்தை பிறந்தால், வீடு வாங்கினால் விற்றால், காப்பாளரோ டிரஸ்டியோ இறந்தால், உறவு முறிந்தால், உயிலைத் திரும்ப எழுதுங்கள். விவாகரத்து ஆனாலும் இந்துவின் பழைய உயில் தானாக ரத்தாகாது. ஓரத்தில் பேனாவால் திருத்துவது செல்லாது. முழுவதையும் புதிதாக எழுதி, பழையதைக் கிழித்துவிடுங்கள்.

நேர்ந்துவிட்டால் முதல் சில வாரங்கள்

இந்தப் பக்கத்தை அந்தக் கோப்பின் மேலே வைக்க வேண்டும்.

இறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்து, சான்றிதழின் பத்து நகல்களாவது வாங்கிக்கொள்ளுங்கள். பெயர், தகப்பனார் பெயர், முகவரி ஆதாரோடு ஒத்துப்போகிறதா என்று வாங்கும் இடத்திலேயே பாருங்கள். பிறகு திருத்துவது அலைச்சல். இ-சேவை மையம் வழியாகத் தாசில்தாரிடம் வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள். அது வாரிசுகள் யார் என்று சொல்வது. சொத்து யாருக்கு என்று தீர்ப்பது அல்ல.

இறந்தவரின் ஏடிஎம் அட்டையில் பணம் எடுக்காதீர்கள். பலர் அவசரத்தில் செய்வதுதான். பின்னால் மற்ற வாரிசுகள் அதையே குற்றச்சாட்டாக வைப்பார்கள். நாமினி இருந்தால் ஆவணங்கள் கொடுத்த 15 நாட்களுக்குள் வங்கி முடிக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அவருடைய சிம்மை ஓராண்டாவது ரீசார்ஜ் செய்து உயிரோடு வையுங்கள்: எல்லா ஓடிபியும் அதற்குத்தான் வரும்.

வீட்டுக் கடன் வங்கிக்கு உடனே எழுத்தில் தெரிவித்து, கடனோடு காப்பீடு இணைந்திருக்கிறதா என்று கேளுங்கள். மற்றக் கடன்காரர்கள் வந்தால் பதறிக் கையெழுத்துப் போடாதீர்கள். கூட்டுக் கடனோ ஜாமீனோ இல்லாத பட்சத்தில், வாரிசுகள் தங்களுக்கு வந்த சொத்தின் அளவுக்குத்தான் பொறுப்பு. மனைவியின் சொந்தச் சம்பளமோ தாய்வீட்டு நகையோ அதற்குள் வராது. அடகு ரசீதுகளின் தேதியைப் பார்க்க ஒரு ஆளை, தம்பியையோ மச்சானையோ, முதல் வாரத்திலேயே நியமித்துவிடுங்கள்.